ஃபேஸ்புக் இல்லாம பிளாக்ல காசு வருமா? வாசகர் கேள்வி, அக்கா பதில்

போன இதழ்ல ஏதோ ஒரு பதிலுக்கு நடுவுல, நான் பன்னெண்டு வருசமா பிளாக் (இணையத்துல நாமளே பதிவு எழுதிப் போடுற பக்கம்) எழுதுதேன், அதுல மாசாமாசம் கொஞ்சம் பணம் வருது, எனக்கு ஃபேஸ்புக் கணக்கே கிடையாதுன்னு சொல்லியிருந்தேன். அந்த ஒத்த வரிக்கு இவ்வளவு கேள்வி வரும்னு நினைக்கல. அதனால இந்த தடவ முழுக்க அதுக்கே வச்சுட்டேன்.

அக்கா, வீட்டுக்காரர் கல்ஃப்ல இருக்கார். புள்ளைங்க ஸ்கூலுக்குப் போனப்புறம் மத்தியானம் வரைக்கும் எனக்கு நேரம் இருக்கு. பிளாக் எழுதுனா பாஸிவ் இன்கம் வரும்ங்காங்க, ஆனா ஃபேஸ்புக், இன்ஸ்டா பக்கம் போக எனக்கு இஷ்டம் இல்ல, முன்ன ஒரு தடவ போட்டோ போட்டு வந்த கமென்ட்ல ரொம்ப மனசு நொந்துட்டேன். அதெல்லாம் இல்லாம முடியுமா? என்னத்த எழுத, எனக்கு ஒண்ணும் தெரியாதே?
— வாசகி, குலசேகரம்

முடியும் தங்கச்சி. ஆனா அந்த பாஸிவ், அதாவது சும்மா இருந்தாலும் தானா வாற வருமானம்ங்கற வார்த்தைய மொதல்ல சரியா புரிஞ்சுக்கணும், குலசேகரத்துல இருக்க உனக்கு அதச் சொல்றது எனக்கு ரொம்ப சுலபம், வீட்ட விட்டு எறங்குனா ரப்பர்தானே. கன்னு நட்டு கத்தி வைக்க ஏழு வருசம் ஆகும், அது வரைக்கும் களை எடுக்கணும் உரம் வைக்கணும், ஒத்த ரூபா திரும்பி வராது. வெட்ட ஆரம்பிச்சா வருசக்கணக்கா பால் தரும்தான், ஆனா வெளுக்க முன்னாடி எழும்பிப் போய் யாராவது வெட்டணும், மழைக்காலத்துக்கு முன்ன பிளாஸ்டிக் கட்டணும், சிரட்டைய சரி பண்ணணும், பால் எடுத்து வந்து உறைய வைக்கணும். ரோட்டுல போறவங்க தோட்டத்தப் பாத்து இவங்களுக்கு என்ன, சும்மா இருந்தாலே பணம் வருதுன்னு சொல்லுவாங்க, வெட்டுறவங்களுக்குத் தெரியும். பிளாக்கும் அதே கணக்குதான், ஏழு வருசம் வேண்டாம், ஒன்றரை ரெண்டு வருசம் போகணும், அப்புறமும் கைவிட்டா வரவு கொறஞ்சுகிட்டே போகும்.

ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னத மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். நானும் அப்படி நினைச்சுதான் மொத எட்டு மாசம் கவிதையும் சினிமா விமர்சனமுமா எழுதுனேன், அத வாசிச்சது சொந்தக்காரங்க நாலஞ்சு பேர். அந்த வருசம் இடவப்பாதி மழையில எங்க மாமனாருக்க ரப்பர் ஷீட்டுல (பால உறைய வச்சு அடிக்குற தகடு) எல்லாம் பூஞ்சை பிடிச்சுப் போச்சு. கடைக்காரர் தரத்தக் கொறச்சு வெல போட்டார், மாமனார் அன்னைக்கு சாப்பிடவே இல்ல. ராத்திரி உக்காந்து தமிழ்ல தேடுனேன், உருப்படியா ஒண்ணுமே இல்ல. மறுநாள் பக்கத்து தோட்டத்துல நாப்பது வருசமா ஷீட் அடிக்க ஒரு பெரியவர்ட்ட போய் கேட்டு, அவர் செய்யச் செய்ய பக்கத்துலயே நின்னு எழுதுனேன். பால அரிக்கிறது, தண்ணி எவ்வளவு சேக்கது, ஃபார்மிக் ஆசிட்ட நேரா ஊத்தாம தண்ணியில கலக்கி ஊத்துறது, மேல வாற நுரைய வழிச்சு எடுக்குறது, மறுநாள் ரோலர்ல விட்டு எடுத்து ஆசிட் வாடை போக நல்லா அலசுறது, தண்ணி முழுசா வடிஞ்ச பெறகுதான் புகைக்கு ஏத்துறது. பூஞ்சைக்கு காரணம் கடைசி ரெண்டுலதான் இருந்துது, நாங்க அவசரத்துல சரியா அலசல, ஈரத்தோட அடுக்கி வச்சுட்டோம்.

அந்த போஸ்ட போட்டு மூணு மாசம் ஒருத்தரும் எட்டிப் பாக்கல. அடுத்த ஜூன்ல மழை தொடங்குச்சு, ஒரு நாளைக்கு பத்து பேர், அப்புறம் முப்பது பேர், அம்பது பேர்னு ஏறிச்சு, யாருக்கும் நான் லிங்க் அனுப்பல, எங்கயும் ஷேர் பண்ணல, ஷீட் பூஞ்சை பிடிச்சு கவலையோட ராத்திரி தேடுனவங்க வந்தாங்க, என்ன மாதிரியே. இப்பவும் வருசாவருசம் மழைக்கு அந்த போஸ்டுக்கு பார்வை ஏறும். நான் சொல்ல வாறது இதுதான் தங்கச்சி, உன்ட்ட பக்கத்து வீட்டுக்காரங்களும் சொந்தக்காரங்களும் மூணு தடவைக்கு மேல கேட்ட கேள்வி என்னென்னன்னு ஒரு நோட்டுல எழுது. கல்ஃபுக்கு போறவருக்கு சர்டிபிகேட் அட்டஸ்டேஷன் எங்க செய்யணும், வெளிநாட்டுல சம்பாதிக்கவங்க இங்க வைக்குற என்ஆர்இ பேங்க் கணக்கு எப்படி தெறக்கணும்னு நீ அலைஞ்சு தெரிஞ்சுகிட்டது இருக்குமே, அது எத்தன வீட்டுக்கு வேணும்! முகத்தக் காட்ட வேண்டாம், சொந்த பேரக்கூட போட வேண்டாம், கமென்ட் பெட்டிய மூடி வச்சுக்கலாம், உனக்கு செட்டிங்ஸ்ல ரெண்டு நிமிச வேலை.

எவ்வளவு வரும்னு நேரா சொல்லுங்க அக்கா, எல்லாரும் மழுப்புதாங்க.
— கல்லூரி மாணவர், கருங்கல்

நேராவே சொல்லுதேன் தம்பி. என் தமிழ் பிளாக்ல கூகுள் ஆட்சென்ஸ் (நம்ம பக்கத்துல கூகுள் விளம்பரம் காட்டி நமக்கு பங்கு தாற திட்டம்) வழியா 1000 தடவ பக்கம் தெறந்தா அரை டாலர்ல இருந்து ஒரு டாலருக்குள்ளதான் கிடைக்குது, அப்போ மாசம் 40,000 பார்வை வந்தாலும் 30 டாலர் பக்கம்தான். மொத 100 டாலர் சேர எனக்கு 14 மாசம் ஆச்சு. ஆட்சென்ஸ் 2003லயே வந்துது, ஆனா தமிழுக்கு 2018 பிப்ரவரியிலதான் அதிகாரப்பூர்வமா தெறந்து விட்டாங்க, இன்னமும் தமிழ் பக்கத்துக்கு விளம்பரக்காரங்க குடுக்குற வெல கம்மிதான். அதே விசயத்த இங்கிலீஷ்ல எழுதி அமெரிக்காவுல இருந்து ஒருத்தர் வாசிச்சா பல மடங்கு கிடைக்கும், ஆனா அங்க போட்டியும் அதுக்கு ஏத்த மாதிரி.

கணக்குல 10 டாலர் சேர்ந்ததும் உன் வீட்டு அட்ரஸுக்கு தபால்ல ஒரு பின் நம்பர் அனுப்புவாங்க, 4 மாசத்துக்குள்ள அதப் போடலன்னா விளம்பரத்த நிறுத்திருவாங்க. நான் வீட்டு நம்பரையும் தபால் நிலையத்துக்க பேரையும் சரியா எழுதாம விட்டு மொத கடிதம் வரவே இல்ல, ரெண்டாவது தடவ ரேஷன் கார்டுல இருக்கபடியே அப்படியே எழுதி வாங்குனேன், நீ மொதல்லயே அப்படி எழுதிரு. 100 டாலர் தாண்டுனா அடுத்த மாசம் 21ல இருந்து 26க்குள்ள பேங்குக்கு அனுப்புவாங்க, அதுக்கு ஸ்விஃப்ட் கோடு (வெளிநாட்டுப் பணம் வர பேங்குக்கு உள்ள அடையாளக் குறி) வேணும், சின்ன கிளைக்கு தனியா இருக்காது, பேங்க்ல கேட்டா எதப் போடணும்னு சொல்லுவாங்க. இன்னொண்ணு, நம்ம விளம்பரத்த நாமளே கிளிக் பண்றது, கூட்டுக்காரங்கள பண்ணச் சொல்றது, இது வேண்டவே வேண்டாம், கணக்க மூடிருவாங்க.

ஷேர் பண்ணாம ஆள் எங்க இருந்து வரும்? கூகுள மட்டும் நம்பி இருக்கலாமா?
— வாசகர், தக்கலை

நல்ல கேள்வி அண்ணே, ரெண்டாவது பாதி ரொம்ப நல்ல கேள்வி.

உங்க ஊர் பக்கத்து உதாரணமே சொல்லுதேன். பத்மநாபபுரம் அரண்மனை திங்கக்கெழம லீவு, தமிழ்நாட்டுக்குள்ள இருந்தாலும் அத கேரள அரசுதான் பாத்துக்குது, இது தெரியாம திங்கக்கெழம வந்து கேட்டுல நிக்க குடும்பங்கள நானே பாத்திருக்கேன். அத வச்சு ஒரு போஸ்ட் போட்டேன், ஞாயித்துக்கெழம ராத்திரியானா பார்வை ஏறும், பல வருசம் அப்படியே ஓடிச்சு. அதே மாதிரி 2024 டிசம்பர் 30ல விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவுல அந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் தெறந்தாங்கல்லா, நான் போய்ட்டு வந்து எழுதுனேன், ஜனவரி பூரா கூட்டம், பிப்ரவரியில பாதி, அப்புறம் ஓய்ஞ்சுது. சூட்டோட சூட்டா எழுதுறது அப்படித்தான்.

இப்போ நெலம மாறிட்டு வருது, அத மறைச்சு எழுதுனா உங்களுக்கு நான் துரோகம் செஞ்ச மாதிரி. 2024 ஆகஸ்ட்ல கூகுள்ல மேலயே ஏஐ பதில் காட்டுறது இந்தியாவுக்கு வந்துது. அரண்மனை என்னைக்கு லீவுன்னு கேட்டா அங்கேயே பதில் வந்துருது, என் பக்கத்துக்கு யாரும் வர வேண்டிய அவசியம் இல்ல. அந்த போஸ்டுக்கு இப்ப பழைய பார்வை இல்ல. ஆனா ஷீட் பூஞ்சை போஸ்டு விழல, ஏன்னா அதுல நான் எடுத்த பதினேழு போட்டோ இருக்கு, சரியா அலசாத ஷீட்டையும் அலசுன ஷீட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எடுத்தது, அத ரெண்டு வரியில சொல்லி முடிக்க முடியாது. அதனால நேரம், வெல, போன் நம்பர் மாதிரி ஒத்த வரி பதில் உள்ள விசயத்த நம்பி பிளாக் தொடங்காதீங்க, கையால செஞ்சு பாத்த விசயத்த எழுதுங்க.

சர்ச் கன்சோல்னு கூகுளே இலவசமா ஒண்ணு தருது, மொத நாளே உங்க பிளாக்க அதுல சேத்துருங்க. எந்த வார்த்தையத் தேடி உங்க பக்கம் கண்ணுல பட்டுது, எத்தன பேர் உள்ள வந்தாங்கன்னு அதுல வரும். மக்க பேசுற மாதிரிதான் தேடுதாங்க, ரப்பர் பால் உறைவிப்பான்னு யாரும் அடிக்கல, ரப்பர் ஆசிட் எவ்ளோ ஊத்தணும்னுதான் அடிக்காங்க. அதப் பாத்துதான் நான் பாதி தலைப்ப மாத்துனேன்.

கூகுள மட்டும் நம்பாம இருக்கதுக்கு எனக்குத் தெரிஞ்ச வழி மெயில் லிஸ்ட். போஸ்டுக்கு அடியில, புதுசா எழுதுனா மெயில்ல அனுப்பட்டுமான்னு ஒரு சின்ன பெட்டி. பன்னெண்டு வருசத்துல சேர்ந்தது 640 பேர்தான், ஆனா அந்த 640 பேருக்கும் எனக்கும் நடுவுல எந்த கம்பெனியும் இல்ல, நாளைக்கு கூகுள் என்ன மாத்துனாலும் அவங்களுக்கு என்னால கடிதம் போட முடியும். கூடவே சொந்த டொமைன் (பிளாக்குக்கு நம்ம பேருல ஒரு இணைய முகவரி) வாங்கிருங்க, வருசத்துக்கு 1000 ரூபா பக்கம்தான் வரும், எழுதுறது எல்லாம் நம்ம பேருல இருக்கும்.

மார்த்தாண்டத்துல 30 பெட்டி தேனீ வச்சிருக்கேன். பிளாக்ல விளம்பரம் போடவா, அமேசான் லிங்க் போடவா, இல்ல என் தேனையே விக்கவா?
— வாசகர், மார்த்தாண்டம்

தேனையே வில்லுங்க! இதுல எனக்கு சந்தேகமே இல்ல. மாசம் ஆயிரம் பேர் வாசிச்சா விளம்பரத்துல வாறது ஒரு டாலர் கூட தேறாது, அந்த ஆயிரத்துல ரெண்டு பேர் ஆளுக்கு ஒரு கிலோ வாங்கினா உங்க கையில நிக்குறது அதவிட எத்தனையோ மடங்கு. சின்ன பிளாக்குக்கு பெரிய கூட்டம் தேவையில்ல, சரியான நூறு பேர் போதும்.

எழுதவும் உங்ககிட்ட எவ்வளவு இருக்கு. ரப்பர் எல கொட்டி தளிர் விடும்போது பூவுல இல்லாம அந்த எலக்காம்புல இருந்து தேன் சுரக்கும்னு வெளியூர்ல எத்தன பேருக்குத் தெரியும்? அந்த தேன் சீக்கிரம் உறைஞ்சுரும், வாங்குனவங்க சீனிப்பாகு ஊத்திட்டான்னு சண்டைக்கு வருவாங்க, உங்களுக்கு இந்த அனுபவம் கண்டிப்பா இருக்கும். உறையுறது குளுக்கோஸ் கூடுதலா இருக்கதால, கலப்படத்தால இல்ல, வெதுவெதுப்பான தண்ணியில பாட்டில நிப்பாட்டி வச்சா திரும்ப இளகிரும், இத உங்க பாட்டில வச்சே நாலு போட்டோ எடுத்து எழுதுங்க. தேன் உறைஞ்சா கலப்படமான்னு வருசம் பூரா ஜனங்க தேடிகிட்டேதான் இருக்காங்க, அப்படி சந்தேகத்தோட வந்தவங்கதான் நம்பிக்கை வந்ததும் வாங்குவாங்க. மெயில் லிஸ்ட் வச்சு, சீசன் தேன் எடுத்ததும் ஒரே ஒரு மெயில் போட்டா போதும். விக்க முன்ன எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு எடுத்துருங்க, சாப்பாட்டுப் பொருள், அது இல்லாம செய்யக்கூடாது.

அமேசான் லிங்க்க (அது வழியா யாராவது பொருள் வாங்குனா நமக்கு கமிஷன்) பொறவு பாத்துக்கலாம், சேந்து 180 நாளுக்குள்ள 3 விற்பனை ஆகலன்னா கணக்க எடுத்துருவாங்க. போட்டா, இதுல வாங்குனா எனக்கு கமிஷன் உண்டுன்னு வாசிக்கறவங்க கண்ணுல படுற மாதிரி எழுதுங்க.

மூணு மாசத்துல பாஸிவ் இன்கம்னு ஒரு ஆன்லைன் கோர்ஸ், 15,000 ரூபா கேக்காங்க. சேரவா அக்கா? நகைய அடகு வச்சுதான் கட்டணும்.
— வாசகி, நாகர்கோவில்

வேண்டாம்மா. தயவு செஞ்சு நகைய வெளிய எடுக்காத. பிளாக்கர் 1999ல இருந்து இருக்கு, 2003ல கூகுள் வாங்குச்சு, இன்னைக்கும் இலவசம். நான் மேல சொன்ன எல்லாத்தையும் செல்போன்லயே தொடங்கலாம். மூணு மாசத்துல வருமானம்னு யார் வாக்கு குடுத்தாலும் நம்பாத, கூகுள் உன் பக்கத்த சரியா கண்டுக்கிடவே பல மாசம் ஆகலாம்.

ஏஐ-ட்ட சொன்னா ஒரு நாளைக்கு நூறு போஸ்ட் எழுதிக் குடுக்குமே, அத போட்டா என்ன?
— வாசகர், குளச்சல்

போடலாம், நிக்காது. 2024 மார்ச்ல கூகுள் இதுக்குன்னே விதி கொண்டு வந்துது, தேடல்ல மேல வரணும்னு மொத்தமா உருவாக்கித் தள்ளுற பக்கங்கள, மனுசன் எழுதுனாலும் மிசின் எழுதுனாலும், தூக்கிருவோம்னு. எழுத்துப்பிழை பாக்க, தலைப்பு யோசிக்க வச்சுக்கோங்க, தப்பில்ல. ஆனா குளச்சல்ல இருந்துகிட்டு, சாளை சீசன்ல கருவாடு எப்படி போடுவாங்கன்னு உங்க வீட்டு அம்மாவுக்குத் தெரியுமே, அத அவங்ககிட்ட கேட்டு ஒண்ணே ஒண்ணு எழுதுங்க.

நான் பென்ஷன் வாங்குற ஆசிரியர். பிளாக் வருமானத்த கணக்கு காட்டணுமா? பழைய பதிவுகள தொடாம விட்டா வருமானம் நிக்குமா?
— வாசகர், கொல்லங்கோடு

காட்டணும் சார், எவ்வளவு சின்ன தொகையானாலும் வருமான வரி ரிட்டர்ன்ல சேத்துருங்க, டாலர் வந்த பேங்க் ஸ்டேட்மென்ட எடுத்து வச்சுக்கோங்க, ஹோஸ்டிங் (பிளாக்க வச்சிருக்க இணைய இடத்துக்கு உள்ள வாடகை), டொமைனுக்கு கட்டுன ரசீதையும் ஆடிட்டர்ட்ட காட்டுங்க.

தொடாம விட்டா ஒரு வருசம் ரெண்டு வருசம் ஓடும், அப்புறம் எறங்கும். நான் புதுசு எழுதுறதவிட பழசத் திருத்துறதுலதான் இப்ப கூடுதல் நேரம் போடுதேன், வருசாவருசம் மே கடைசியில, மழைக்கு முன்ன, ஷீட் போஸ்ட தெறந்து வாசகர் மெயில்ல கேட்ட புது சந்தேகத்தையெல்லாம் சேப்பேன். போன தடவ சிற்றாறு பக்கத்துல இருந்து ஒருத்தர் அவருக்க ஷீட்ட போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார், மேல கருப்பு கருப்பா புள்ளி, எனக்குப் பாத்து புரியல. ஷீட் அடிக்கச் சொல்லித் தந்த அந்த பெரியவர்ட்ட கொண்டு போய் காட்டுனேன், அவருக்கு இப்ப கண்ணு சரியா தெரியாது, போன்ல படத்த பெருசாக்கி கிட்ட வச்சுப் பாத்துட்டு, இது பூஞ்சை இல்ல மக்ளே, பால் அரிக்காம விட்ட குப்பைன்னார். அத அப்படியே சேத்துட்டேன்.