தோசை மாவுக் கம்பெனி: எல்எல்சியா, கார்ப்பரேஷனா?

அக்கா வணக்கம். டெக்சஸ்ல ஃபிரிஸ்கோல இருக்கோம். நானும் ஃப்ரெண்டும் சேர்ந்து தோசை மாவு பிசினஸ் ஆரம்பிக்கறோம், வாடகைக்கு ஒரு கமர்ஷியல் கிச்சன் பாத்தாச்சு. எல்எல்சி போடு, இல்ல கார்ப்பரேஷன் போடு, டெலவேர்ல போடுன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. அப்புறம், கோயம்புத்தூர்ல இருக்கற எங்கண்ணன் பணம் போடறேன், 30 பர்சென்ட் ஷேர் குடுங்கறாரு. என்ன பண்றதுங்க?

அன்புள்ள தங்கச்சிக்கு,

கடைசில போற போக்குல எழுதியிருக்கியே அண்ணன் விஷயம், அதுதாம்மா முதல் கேள்வி. எல்எல்சிங்கறது கம்பெனி கடன் ஓனர் தலையில விழாம இருக்கற வகை, லாபத்துக்கு வரியை ஓனர்கள் அவங்கவங்க பங்குக்குக் கட்டுவாங்க. அதுல அவரை பார்ட்னரா சேத்தா, அவர் பங்கு லாபத்துல 37 பர்சென்ட்டை நீங்களே பிடிச்சு ஐஆர்எஸ்சுக்கு, அதான் இங்கத்த வருமான வரித்துறைக்குக் கட்டணும், அதுவும் அவர் கைக்கு ஒரு டாலர்கூட போகலைன்னாலும் கட்டணும், அவரும் கோயம்புத்தூர்ல உக்காந்துக்கிட்டு வருஷா வருஷம் இங்க ரிட்டர்ன் ஃபைல் பண்ணணும். நாளைக்கு டாக்ஸ் மிச்சம் பிடிக்க எஸ் கார்ப்பா (ஐஆர்எஸ்ல எழுதிக் குடுத்து மாத்திக்கற ஒரு வரி வகை) மாறலாம்னு நினைச்சா அதுவும் நடக்காது, அமெரிக்கக் குடிமகனோ, வரிக்கணக்குல இங்க வசிக்கறவரோ இல்லாத ஒருத்தர் ஷேர் வெச்சிருந்தாலே அந்தக் கதவு மூடிடும்.

சரி, சாதா கார்ப்பரேஷன்னா? 60,000 டாலர் லாபம்னு வெச்சுக்கோ. கம்பெனி 21 பர்சென்ட் கட்டும், 12,600 போச்சு. மிச்சம் 47,400 டாலரை டிவிடெண்டா எடுத்தா உங்களுக்கு 15 பர்சென்ட்னு வெச்சாலும் இன்னொரு 7,110, ஒரே லாபத்துக்கு ரெண்டு தடவை வரி. பெரிய இன்வெஸ்டர் வரணும், ஸ்டாஃபுக்கு ஸ்டாக் குடுக்கணும்னு இருந்தா டெலவேர் கார்ப்பரேஷன் சரி, மாவு பிசினஸுக்கு எதுக்கு? டெக்சஸ்ல எல்எல்சிக்கும் கார்ப்பரேஷனுக்கும் ஃபீஸ் ஒண்ணுதான், 300 டாலர். டெலவேர்ல போட்டா அங்க வருஷா வருஷம் கட்டறது போக, டெக்சஸ்ல வெளி மாநில கம்பெனின்னு பதிய 750 டாலர் தனி.

அதனால நான் சொல்றது, நீங்க ரெண்டு பேர் மட்டும் டெக்சஸ் எல்எல்சி போடுங்க. அண்ணன் பணத்தைக் கடனா எழுதி வாங்குங்க, பேப்பரை ஒரு சிபிஏகிட்ட (இங்கத்த ஆடிட்டர்) காட்டிடுங்க. எல்எல்சிலயும் 15.3 பர்சென்ட் செல்ஃப் எம்ப்ளாய்மென்ட் டாக்ஸ் (சொந்தத் தொழில் பண்றவங்க கட்டற சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரி) கடிக்கும்தான், லாபம் நல்லா வந்தப்புறம் ஃபார்ம் 2553 போட்டு எஸ் கார்ப் ஆயிக்கலாம், அண்ணன் ஷேர்ல இல்லாததால அதுக்கு வழி இருக்கும்.

விசா என்னன்னு நீ எழுதல. ஹெச்4ல (வேலை விசாக்காரரோட குடும்பத்துக்கான விசா) ஈஏடி, அதாவது வேலை பாக்கற அனுமதி அட்டை இல்லாம இருந்தா ஓனர்னு பேர் இருக்கலாம், கிரைண்டர்கிட்ட போய் நிக்கக்கூடாது. இதுல அசட்டையா இருக்காதேம்மா.

இன்னொண்ணு. எனக்குத் தெரிஞ்ச ஒரு கேட்டரிங்காரர் எல்எல்சி டெபிட் கார்டுலயே பொண்ணோட டான்ஸ் கிளாஸ் ஃபீஸ், காஸ்ட்கோ மளிகை எல்லாம் தேய்ச்சாரு, ஸ்டேட்மென்ட்ட பாத்தா எது வீடு எது கடைன்னு அவருக்கே தெரியல. அப்படி இருந்தா கேஸ்னு வர்றப்ப கம்பெனி வேற நான் வேறன்னு எந்த முகத்தோட சொல்றது? கிச்சன் லீஸ்ல பர்சனல் கேரண்டின்னு, கம்பெனி கட்டலைன்னா நானே கட்டறேன்னு ஒரு பக்கம் இருக்கும், அதுல கையெழுத்துப் போட்டா வாடகை பாக்கிக்கு எல்எல்சி காப்பாத்தாது. அதை எடுக்கச் சொல்லிக் கேளுங்க, முடியாதுன்னா ஒரு வருஷத்துக்கு மட்டும்னாவது குறைக்கச் சொல்லுங்க.

அப்புறம் ஆபரேட்டிங் அக்ரிமென்ட், அதாவது எல்எல்சியை எப்படி நடத்தறதுன்னு ஓனர்கள் எழுதிக்கற ஒப்பந்தம். உன் ஃப்ரெண்டு வேற ஊருக்கு மாறிப் போனா அவ பங்கை யாரு, என்ன விலைக்கு எடுக்கறது, கிரைண்டர் யாருக்குன்னு இப்பவே, ஒருத்தர் மேல ஒருத்தருக்குப் பிரியம் இருக்கறப்பவே எழுதிடுங்க. லீஸ் கையெழுத்து அதுக்கப்புறம்.

அன்புடன்,
அக்கா