வாகனக் கேள்வி பதில்: வளைவில் ஒலிக்காத ஹாரன்

கேள்வி: காய்கறி ஏற்றிச் செல்லும் பழைய பிக்கப் வண்டி ஒன்று வைத்திருக்கிறேன். ஏர்பேக் இல்லாத மாடல். நேராகப் போகும்போது நன்றாக ஒலிக்கும் ஹாரன், ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் ஒலிப்பதில்லை. பட்டறையில் சொன்னபடி புது ஹாரன் மாட்டியும் குறை அப்படியே இருக்கிறது. அடுத்த மாதம் எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) காட்ட வேண்டும். இனி எதை மாற்றுவது?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: இப்போதைக்கு எதையும் மாற்ற வேண்டாம். ஸ்டீயரிங் நேராக இருக்கும்போது ஒலிக்கிறது என்றால், ஹாரன், ஃபியூஸ், ரிலே (ஹாரனுக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் தானியங்கிச் சுவிட்ச்) ஆகிய மூன்றும் வேலை செய்கின்றன என்றுதான் பொருள். ஸ்டீயரிங்கின் நிலையைப் பொறுத்து வந்து போகும் குறை, பெரும்பாலும் ஸ்டீயரிங்கோடு சேர்ந்து சுழலும் பகுதியில்தான் இருக்கும். கொடைக்கானல் போன்ற மலைப்பாதைகளில், எதிரே வருவது தெரியாத வளைவில்தான் ஹாரன் மிகவும் தேவைப்படும்; உங்கள் வண்டியிலோ சரியாக அந்த இடத்தில்தான் அது ஒலிக்காமல் போகிறது. ஆகவே எஃப்.சி. தேதிக்காகக் காத்திருக்காமல் இந்த வாரமே சரிசெய்துவிடுங்கள்.

மின்சாரம் போகும் வழி தெரிந்தால் தேடுவது எளிது. இரண்டு ஹாரன்கள் சேர்ந்து ஒலிக்கும்போது ஏறக்குறைய 8 முதல் 10 ஆம்பியர் வரை மின்சாரம் இழுக்கும். ஸ்டீயரிங்கில் உள்ள சிறிய பொத்தானால் அதைத் தாங்க முடியாது என்பதால், அந்தச் சுமையை ரிலே ஏற்கிறது. பெரும்பாலான வண்டிகளில் பொத்தானின் வேலை, ரிலேயின் காயிலுக்கு (உள்ளே இருக்கும் கம்பிச் சுருளுக்கு) எர்த், அதாவது வண்டியின் பாடியோடு தொடர்பு, கொடுப்பது மட்டுமே. ரிலேயிலிருந்து வரும் மெல்லிய ஒயர், ஸ்டீயரிங் காலத்தில் (ஸ்டீயரிங் தண்டைச் சுற்றியிருக்கும் குழாய், column) அசையாமல் நிற்கும் ஒரு கார்பன் துண்டிலோ ஸ்பிரிங் முனையிலோ முடிகிறது. அந்த முனை, ஸ்டீயரிங்கின் அடியில் சுழலும் பித்தளை வளையத்தைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வளையத்தின் ஒரு பகுதி தேய்ந்தோ கறுத்தோ போயிருந்தால், அந்தப் பகுதி முனைக்கு நேரே வரும்போதெல்லாம் ஹாரன் ஒலிக்காது. உங்கள் வண்டியில் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான்.

பிரிப்பதற்கு முன் இதை உறுதி செய்துகொள்ளலாம். ஸ்டீயரிங் காலத்துக்குக் கீழே உள்ள கப்ளரை (ஒயர்களை இணைக்கும் பிளக்கை) கழற்றி, ஸ்டீயரிங்கிலிருந்து வரும் ஹாரன் ஒயருக்கும் பேட்டரியின் பாசிட்டிவுக்கும் இடையே 5 வாட் பல்பு பொருத்திய டெஸ்ட் லாம்பை இணையுங்கள். ஒருவர் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மெதுவாகத் திருப்பட்டும். பல்பு எந்த இடத்தில் மங்குகிறதோ, அணைகிறதோ, அந்த இடத்தில் தொடர்பு அறுகிறது. திருப்பும்போது சீராக எரிந்துகொண்டே இருந்தால் வளையம் நன்றாக இருக்கிறது. அப்போது காலத்தின் அடியில் இழுபடும் ஒயரையும் கப்ளர் பின்களையும் பாருங்கள்.

வேறொரு காரணமும் உண்டு. சில பழைய வண்டிகளில் பொத்தானுக்கான எர்த், ஸ்டீயரிங் தண்டின் வழியாகவே பாடிக்குப் போகிறது. தண்டின் நடுவே ரப்பர் கப்ளிங் இருந்தால், அதைத் தாண்டி எர்த் போவதற்காக ஒரு சிறு பட்டை ஒயர் கொடுத்திருப்பார்கள். அது அறுந்திருந்தாலும் இதே போன்ற குறைதான் தெரியும். பல பட்டறைகளில் இதை யாரும் பார்ப்பதே இல்லை என்பது எனக்கு வருத்தம்.

ஸ்டீயரிங்கைக் கழற்றுவதென்றால் முதலில் பேட்டரியின் நெகட்டிவை எடுத்துவிடுங்கள். தண்டிலும் ஸ்டீயரிங்கிலும் நேர்கோட்டு அடையாளம் வைத்துக்கொண்டு, புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) கொண்டு கழற்றுங்கள். தண்டின் முனையில் சுத்தியலால் அடிக்கவே கூடாது. வளையத்தை நைஸ் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் துடைத்து, முனையின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் புதிது போடுங்கள். நடு நட்டை, தயாரிப்பாளர் கையேட்டில் சொல்லியிருக்கும் டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு முறுக்க வேண்டும். இதைப் படிக்கும் வேறு வாசகர்களின் வண்டியில் ஏர்பேக் இருந்தால் இந்த வேலையில் தாங்களே கை வைக்கக் கூடாது. அதற்குப் பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிடுங்கள்.

கேள்வி: மழைக்குப் பிறகு என் பிக்கப்பின் ஹாரன் கம்மிய குரலில் ஒலிக்கிறது. எஞ்சினை வேகப்படுத்தினால் சற்றுத் தெளிகிறது. ஹாரனில் உள்ள திருகைத் திருப்பலாமா?
– வாசகி, தேனி

பதில்: திருகைத் தொடும் முன் அளந்து பாருங்கள். எஞ்சின் ஓடும்போது சுமார் 14 வோல்ட்டும், நின்றிருக்கும்போது 12.5 வோல்ட் அளவிலும் கிடைக்கிறது. வோல்ட் கூடும்போது குரல் தெளிகிறது என்றால் பேட்டரி பலவீனமாக இருக்கலாம், அல்லது வழியில் எங்கோ மின்சாரம் வீணாகிறது. ஹாரனை ஒலிக்கச் செய்தபடியே, பேட்டரியின் நெகட்டிவுக்கும் ஹாரனின் எர்த் முனைக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். ஒற்றை ஒயர் ஹாரனாக இருந்தால் அதன் உடலில் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. முன் கிரில்லுக்குப் பின்னால் இருக்கும் பிராக்கெட்டில் மழைநீரும் சேறும் பட்டுத் துரு ஏறியிருக்கும். அதைச் சுரண்டிச் சுத்தம் செய்து, சேஸிசுக்குத் தனி எர்த் ஒயர் இழுத்துவிட்டால் நீண்ட காலம் தொல்லை இருக்காது. எர்த் நன்றாக இருந்தால் பாசிட்டிவ் பக்கத்தையும் இதே முறையில் அளந்துவிடுங்கள். ஹாரனின் வாய் மேல்நோக்கியிருந்தால் தண்ணீர் உள்ளே தங்கும். கீழ்நோக்கித் திருப்பி மாட்டுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் குரல் தேறாவிட்டால் மட்டும், திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பிப் பார்க்கலாம். அது உள்ளே இருக்கும் பாயின்ட் (மின்தொடர்பு முனை) திறந்து மூடும் இடைவெளியை மாற்றும் திருகு. மிகையாகத் திருப்பினால் பாயின்ட் கருகிவிடும்.

கேள்வி: இரவில் ஓடிக்கொண்டிருக்கும்போது ஹாரன் தானாக ஒலிக்கத் தொடங்கி நிற்காவிட்டால் ஃபியூஸைப் பிடுங்கலாமா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: ஓரமாக நிறுத்திவிட்டு ரிலேயைப் பிடுங்குங்கள். சில வண்டிகளில் பிரேக் விளக்குக்கும் ஹாரனுக்கும் ஒரே ஃபியூஸ்தான் இருக்கும். அதை எடுத்துவிட்டு இரவில் ஓட்டினால் பின்னால் வருபவருக்கு நீங்கள் பிரேக் போடுவது தெரியாது. ஊர் சேர்ந்ததும், ரிலே சாக்கெட்டில் பொத்தான் ஒயர் வரும் துளைக்கும் பாடிக்கும் தொடர்பு இருக்கிறதா என்று மீட்டரில் பாருங்கள். பொத்தானை அழுத்தாதபோதே தொடர்பு காட்டினால், பொத்தான் சிக்கியிருக்கிறது அல்லது ஒயர் உரசி எர்த் ஆகியிருக்கிறது. காட்டாவிட்டால் ரிலேயின் உள்முனைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அதே ஆம்பியர் அளவில் புதிய ரிலே போட்டால் போதும்.