ஏலத்தில் ஜெனரேட்டர் எடுக்கலாமா?

கேள்வி: அரசு அலுவலகம் ஒன்றில் கழித்துவிட்ட டீசல் ஜெனரேட்டர் ஏலத்துக்கு வருகிறது. பதினாலு வருடப் பழசு. ஆனால் ஹவர் மீட்டரில் 310 மணி நேரம்தான் காட்டுகிறது. என் பட்டறைக்கு எடுக்கலாமா?

பதில்: மீட்டரில் இப்படிக் குறைந்த எண்ணைப் பார்த்துத்தான் நானும் ஒருமுறை ஏமாந்தேன், அதுவும் மெக்கானிக்காக இருந்துகொண்டே. கரண்ட் போனால் மட்டும் ஓடுகிற மெஷினைப் பெரும்பாலும் சும்மா பத்து நிமிடம் ஓட்டி நிறுத்திவிடுவார்கள். லோடு இல்லாமல், அதாவது எந்தக் கருவிக்கும் கரண்ட் கொடுக்காமல் ஓடினால் டீசல் எஞ்சினில் போதிய சூடு ஏறாது. டீசல் முழுதாக எரியாமல் கரியும் எண்ணெயும் கலந்த பிசுக்காகப் புகைக்குழாயில் வடியும். நான் எடுத்த மெஷினிலும் சைலன்சர் மூட்டில் அந்தக் கறுப்பு காய்ந்திருந்தது. ஏதோ அழுக்கு என்று துடைத்துவிட்டேன். கொண்டுவந்து பிரித்தால் டீசலைப் பீய்ச்சுகிற நாலு இன்ஜெக்டரிலும் கரி.

அதனால் பார்வையிடும் நாளை மட்டும் விட்டுவிடாதீர்கள். டார்ச்சும் வெள்ளைத் துணியும் கொண்டுபோங்கள். எஞ்சின் ஆயில் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக் கம்பியை உருவித் துணியில் தேயுங்கள். ஆயில் கறுப்பாக இருந்தால் பயமில்லை; பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது. எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து, தண்ணீர்மேல் எண்ணெய் மிதக்கிறதா பாருங்கள். அப்புறம் கன்ட்ரோல் பெட்டி. உள்ளே எலக்ட்ரானிக் கார்டு இருக்கிறதா, ஒயர்கள் மட்டும் வெட்டித் தொங்குகின்றனவா? அனுமதித்தால் கரண்ட் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரின் வைண்டிங்கை (கம்பிச் சுற்றை) மெக்கர் என்கிற இன்சுலேஷன் சோதிக்கும் கருவி வைத்துப் பார்ப்பது நல்லது. ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் ஈரம் ஏறியிருக்கலாம், வைண்டிங்கே கெட்டும் போயிருக்கலாம். பெயர்த்தகட்டில் உள்ள மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, உதிரிபாகம் கிடைக்குமா என்று ஏலத்துக்கு முன்பே விசாரியுங்கள்.

'இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில்' என்று நிபந்தனையில் போட்டிருந்தால், எடுத்தபிறகு எந்தக் குறையும் சொல்ல முடியாது. கிரேன், லாரி, வரி எல்லாம் உங்கள் தலையில். எடுத்துப்போகக் கொடுத்த கெடு தாண்டினால் இடவாடகை கேட்பார்கள். டெபாசிட்டே போகவும் கூடும்.

ஓடுகிற நிலையில் இதே மாடல் செகண்ட் ஹேண்டில் என்ன விலை என்று கேளுங்கள். அதில் பழுதுச் செலவு, ஏற்றுக்கூலி, வரி எல்லாவற்றையும் கழியுங்கள். மிஞ்சுகிற தொகையை வீட்டிலேயே தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். பக்கத்தில் நிற்பவர் ஏற்றுகிறாரே என்று அதைத் தாண்டாதீர்கள். அவர் பழைய இரும்புக்கு எடுக்கிறவராக இருக்கலாம், அவர் கணக்கு வேறு.

கேள்வி: அதே ஏலத்தில் இருபது கம்ப்யூட்டர்கள் ஒரே லாட்டாக இருக்கின்றன. சேர்த்து எடுக்கலாமா?

பதில்: மூடியைத் திறந்து பார்க்காமல் வேண்டாம். தகவல் பாதுகாப்புக்காக ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டுத்தான் பெரும்பாலும் ஏலம் விடுவார்கள். இருபதுக்கும் புது டிஸ்க் போடும் செலவைச் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.