பாராங் கத்தியை அழுத்தினால் பெல்ட் கிரைண்டர் நிற்கிறதா?

சுங்கை சிப்புட் தம்பி, 2 குதிரைசக்தி திரீ ஃபேஸ் மோட்டார் வெறுமனே நன்றாகச் சுற்றுகிறது, பாராங்கை அழுத்தினால் நின்றுவிடுகிறது என்கிறீர்கள். பெல்ட்டின் மேல் பழி போடாதீர்கள். மோட்டார் தகட்டில் 240/415 வோல்ட் என்றிருக்கிறதா பாருங்கள். கடையில் பெரும்பாலும் ஸ்டாரில் (மூன்று சுருள்களின் ஒரு முனை ஒரே புள்ளியில் சேரும் இணைப்பு) கட்டித்தான் தருவார்கள், அது 415க்கு. உங்கள் வீட்டு சிங்கிள் ஃபேஸை திரீ ஃபேஸாக மாற்றும் இன்வர்ட்டர் 240தான் கொடுக்கும். ஸ்டாரில் அது சுருளுக்குச் சுமார் 139 வோல்ட், சுழற்றும் இழுவை மூன்றில் ஒரு பங்கு.

மெயினை அணைத்து, பத்து நிமிடம் பொறுத்து மோட்டாரின் இணைப்புப் பெட்டி மூடியைத் திறங்கள் (இன்வர்ட்டரில் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கப்பாசிட்டர் சும்மா விடாது). மூன்று முனைகளையும் ஒரே வரிசையில் சேர்க்கும் இணைப்புத் தகடுகளைக் கழற்றி, எதிரெதிர் முனைகளை இணைத்து மூன்று தனிக் கோடாகப் பூட்டினால் டெல்டா, அது 240க்கு. பிறகு இன்வர்ட்டரில் மோட்டார் தகட்டின் டெல்டா ஆம்பியரைப் பதியுங்கள். இன்வர்ட்டருக்கு இரும்புத்தூள் புகாத பெட்டியும் வேண்டும்.