கலவை ஓடிய இடத்தைக் குறித்து வைத்தீர்களா?

கேள்வி: கொள்ளிடக் கரையை ஒட்டி எனக்கு 4 ஏக்கர் நிலம் இருக்கிறது. ரோட்டரி வண்டி வைத்து போர் போட்டோம். 90 அடி வரை நன்றாகப் போனது. பிறகு பருமணலும் கூழாங்கல்லும் வர ஆரம்பித்தன. திடீரென்று, துளை சரியாமல் இருக்கக் குழியிலிருந்து பம்பு வைத்துச் சுற்றவிடும் சேற்றுக் கலவை மொத்தமும் உள்ளே இறங்கிவிட்டது. சாணி, உமி, களிமண் எல்லாம் கொட்டியும் நிற்கவில்லை. மேலே மண் சரிந்து துளையிடும் ராடு மாட்டிக்கொண்டது. அரைநாள் போராடி எடுத்தோம். அந்தத் துளையை விட்டுவிட்டு 15 அடி தள்ளி 10 அங்குலத்தில் 200 அடி போடலாம் என்கிறார் வண்டிக்காரர். மறுபடியும் இப்படி ஆகாமல் இருக்க என்ன செய்யலாம் ஐயா?

பதில்: நடந்தது நஷ்டம்தான். ஆனால் கலவை அவ்வளவு வேகமாக ஓடியது என்றால் அந்த அடுக்கில் வழி இருக்கிறது என்று அர்த்தம். சேறு போகிற வழியாகத்தான் நாளைக்குத் தண்ணீரும் வரும். எத்தனையாவது அடியில் கலவை குறைய ஆரம்பித்தது, எத்தனையாவது அடி வரை கூழாங்கல் வந்தது என்று வண்டிக்காரரிடம் கேட்டு நோட்டில் எழுதி வையுங்கள். வண்டி வைத்த காசுக்கு இந்தக் கணக்காவது மிஞ்சட்டும்.

கலவை ஏன் ஓடுகிறது? துணியில் தண்ணீரை ஊற்றினால் அப்படியே வடிந்துவிடும். கூழை ஊற்றிப் பாருங்கள், கொஞ்ச நேரத்தில் துணி அடைத்துக்கொள்ளும். போர் துளையிலும் அதுதான் நடக்க வேண்டும். கலவை சுவரில் மெல்லிய பூச்சாகப் படிந்து, தானே தன் வழியை அடைத்துக்கொள்ள வேண்டும். உங்கள் வண்டிக்காரர் வயல் களிமண்ணைக் கரைத்து ஓட்டியிருப்பார் என்று நினைக்கிறேன். சாதாரண மணலுக்கு அது போதும். கூழாங்கல் சந்துக்கு அது வெறும் தண்ணீர் மாதிரிதான். அப்புறம், துளைக்குள் கலவை மட்டம் இறங்கியதும் சுவரைத் தாங்க ஆளில்லை, மணல் சரிந்தது. ராடு மாட்டியதற்கும் அதுவே காரணம்.

சாணி டெல்டாவில் காலம் காலமாகக் கரைத்து ஊற்றுவதுதான். இருந்தாலும் நான் வேண்டாம் என்பேன். அது தண்ணீர் வரும் அடுக்கிலேயே போய் உட்கார்ந்து அழுகும், கிருமியையும் சேர்த்துக் கொண்டுபோகும். உமியும் அப்படித்தான். சந்தை அடைக்கும், ஆனால் பிறகு எளிதில் வெளியே வராது. போர் போட்டு மூன்று மாதம் வரை நாற்றம் போகாத தண்ணீரை நான் முகர்ந்து பார்த்திருக்கிறேன்.

இந்த முறை பென்டோனைட் வாங்குங்கள். தண்ணீரில் ஊறினால் உப்பிக் கூழாகும் ஒரு வகைக் களிமண் மாவு அது. 10 அங்குலத் துளை 200 அடிக்குச் சுமார் 3,100 லிட்டர் பிடிக்கும். அதைப்போல மூன்று மடங்கு கலவை கையில் இருக்க வேண்டும். 10 அடி நீளம், 8 அடி அகலம், 4 அடி ஆழத்தில் குழி வெட்டினால் 9,000 லிட்டர் நிற்கும். நடுவில் ஒரு தடுப்பு விட்டு, மணல் ஒரு பக்கம் படிந்து தெளிந்த கலவை மட்டும் பம்புக்குப் போகும்படி செய்யுங்கள். 1,000 லிட்டர் தண்ணீருக்கு 50 கிலோ கணக்கில் 50 கிலோ மூட்டை 9 வரும். முந்தின நாள் மாலையே தூவித் தூவிக் கரைத்து இரவு முழுக்க ஊற விடுங்கள். காலையில் கொட்டி உடனே ஓட்டினால் மாவு உப்பாது, பணம்தான் கரையும். கடலோரம் பக்கம் என்றால் தண்ணீரையும் பாருங்கள். உப்புத் தண்ணீரிலும் கடினத் தண்ணீரிலும் பென்டோனைட் சரியாக உப்புவதில்லை. வாய்க்கால் தண்ணீர் நல்லது. தண்ணீர் கடினமாக இருந்தால் 1,000 லிட்டருக்கு அரைக் கிலோ சோடா ஆஷ் முதலில் போட்டுக் கலக்கிவிட்டு, பிறகு மாவைத் தூவுங்கள்.

கலவையின் கெட்டியைப் பார்க்க மார்ஷ் புனல் என்று ஒன்று உண்டு. அதிலிருந்து 946 மில்லி வெறும் தண்ணீர் இறங்க 26 விநாடி ஆகும். சாதாரண மணலில் 35 முதல் 40 விநாடி கலவை போதும். கூழாங்கல்லுக்கு 60 விநாடிக்குப் பக்கத்தில் வேண்டும். புனல் இல்லையா? கையை முக்கி எடுங்கள், ரேகை தெரியாமல் ஒட்டினால் ஓரளவு சரி.

கெட்டியாக்குவதை 90 அடியில் செய்யாதீர்கள், 80 அடியிலேயே செய்யுங்கள். ஓட ஆரம்பித்த பிறகு கெட்டியாக்கினால், அதற்குள் துளை பாதி காலியாகியிருக்கும். பக்கத்தில் ஒரு டேங்கில் 2,000 லிட்டர் கெட்டிக் கலவை தனியாகத் தயாராக இருக்கட்டும். அந்த அடுக்கில் பம்பு வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். ராடை வேகமாக இறக்கினாலும் சிரிஞ்சை அழுத்துகிற மாதிரி கலவை பக்கவாட்டில் பாயும்.

அப்படியும் மட்டம் இறங்கினால் துளையிடுவதை நிறுத்தி, ராடை இருபது அடி மேலே தூக்கி வையுங்கள். வாய் வரை நிரப்பிக்கொண்டே ஒரு மணி நேரம் பொறுங்கள். பென்டோனைட் அசையாமல் நின்றால் தானே கட்டிப்படும். பல நேரம் அதிலேயே நின்றுவிடும். பதற்றத்தில் வெறும் தண்ணீரைத் திறந்துவிட்டால், இருக்கிற கலவையும் நீர்த்துப் போகும்.

அதற்கும் நிற்கவில்லை என்றால் ஒரு முடிவு எடுக்க வேண்டும். ஃபில்டர் பைப்பை, அதாவது தண்ணீர் உள்ளே வரும் சல்லடைக் குழாயை, அந்தக் கூழாங்கல்லிலேயே வைக்கப் போகிறீர்களா, அல்லது கீழேயா? அங்கேயே என்றால் கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் பசைத்தூளைக் கலக்கலாம். அது சில நாளில் தானே நீர்த்துவிடும், பிளீச்சிங் பவுடர் போட்டால் இன்னும் சீக்கிரம். கீழே என்றால் மரத்தூளோ தவிடோ போடலாம், அல்லது அந்த அடுக்கைத் தாண்டும் வரை பெரிய கேசிங் (சுவரைத் தாங்கும் குழாய்) இறக்கிவிட்டு உள்ளே சிறிய துளை போடலாம்.

என்னைக் கேட்டால், கூழாங்கல் 20, 30 அடி கனம் இருந்து தண்ணீரும் நல்லதாக இருந்தால் 4 ஏக்கருக்கு 200 அடி எதற்கு? வேளாண்மைப் பொறியியல் துறையில் கருவி வைத்து அடுக்கைப் பார்த்துச் சொல்வார்கள். வண்டி வரும் முன் அவர்களைக் கேளுங்கள்.

பைப் இறக்கி அதைச் சுற்றி ஜல்லி போட்டதும், கம்ப்ரஸர் வைத்துக் காற்று ஊதிக் கழுவுவதை மறுநாளைக்குத் தள்ளாதீர்கள். சுவரில் படிந்த பூச்சு இறுகிவிட்டால் தண்ணீருக்கே தடை. விட்டு விட்டு ஊதி, மணலும் கலங்கலும் நிற்கும் வரை ஓட்டுங்கள்.

இன்னொன்று. பழைய துளையை இன்னும் மூடவில்லை என்றால், புதியது தொடங்கும் முன் மூடுங்கள். 15 அடிதான் இடைவெளி, அந்தக் கூழாங்கல் இரண்டையும் இணைக்கிறது. புதுக் கலவை பழைய துளை வழியாக ஓட வாய்ப்பு உண்டு. கைவிட்ட துளையை அடியிலிருந்து தரைமட்டம் வரை மண், மணல், கற்கள் போட்டு நிரப்ப வேண்டும் என்று 2010-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. கூழாங்கல் மட்டம் வரை மணலும் கல்லும், அதற்கு மேல் களிமண்ணைக் குத்திக் குத்தி நிரப்புங்கள். அது முடியும் வரை மேலே கனமான பலகை போட்டு, பிள்ளைகள் அந்தப் பக்கம் வராமல் முள்வேலி கட்டிவிடுங்கள்.