குதிரையின் கால் நரம்புக்கு ஸ்டெம் செல்: கேள்வி பதில்

சேலம் பக்கத்துக் குதிரைக்காரர்கள் கேட்டவற்றுக்குக் கால்நடை மருத்துவர் ஒருவரின் பதில்கள்.

ஏற்காட்டில் சவாரிக் குதிரை வைத்திருப்பவர்: டாக்டர், சரிவில் இறங்கும்போது என் குதிரைக்கு முன்னங்கால் பிசகிவிட்டது. முட்டிக்குக் கீழே பின்பக்கம் வீங்கி, தொட்டால் சுடுகிறது. ஸ்டெம் செல் ஊசி போட்டால் சரியாகுமா?

சவாரியை இன்றே நிறுத்துங்கள். அதுதான் முதல் வைத்தியம். குழாய்த் தண்ணீரைக் காலில் இருபது நிமிடம் விடுங்கள், நாளைக்கு மூன்று நான்கு தடவை. அப்புறம் பஞ்சு வைத்துக் கட்டுங்கள்.

காலைத் தூக்கி மடக்கிப் பிடித்து, பின்பக்க நரம்பை, அதாவது தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணை, இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து மேலிருந்து கீழே தடவிப் பாருங்கள். நல்ல காலில் ஓரம் கயிறு மாதிரி தெளிவாகத் தட்டுப்படும். அடிபட்ட காலில் ஓரிடத்தில் ஓரம் மழுங்கி மெத்தென்றிருக்கும். அங்கே அழுத்தினால் குதிரை காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். அப்படி இருந்தால் ஒரு வாரத்துக்குள் ஸ்கேன் அவசியம்.

வெளிப்பக்கம் நன்றாக இருந்து, நடுவில் மட்டும் நார் அறுந்திருந்தால் ஸ்கேனில் அந்த இடம் கறுப்பாகத் தெரியும். ஸ்டெம் செல் ஊசிக்கு ஏற்ற காயம் அதுதான். ஓரம் கிழிந்திருந்தால் உள்ளே விட்ட மருந்து தங்காது.

ஆத்தூர்: அந்த ஊசியில் அப்படி என்னதான் இருக்கிறது?

உங்கள் குதிரையின் செல்லேதான். நெஞ்செலும்பிலிருந்தோ இடுப்பெலும்பிலிருந்தோ மஜ்ஜையை உறிஞ்சி எடுப்பார்கள். ஆய்வகத்தில் அதிலுள்ள ஸ்டெம் செல்களை, அதாவது வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூல செல்களை, சில வாரம் வளர்த்து, கோடிக்கணக்கில் பெருக்கி, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே அந்தக் கறுப்பு இடத்தில் செலுத்துவார்கள். அடிபட்டு ஏறக்குறைய ஒரு மாதத்துக்குள் போடுவது நல்லது. தழும்பு கெட்டிப்பட்ட பிறகு பலன் குறைவு.

தசைநாண் தானாகவும் ஆறும், ஆனால் தழும்பாக ஆறும். பழைய நாருக்கு இருந்த துள்ளல் அதற்கு இருக்காது. வேகமாக ஓடும்போது பக்கத்திலேயே மறுபடி அறும். அதைக் குறைப்பதுதான் இந்த ஊசியின் வேலை. செல்கள் புது நாராகவே மாறிவிடும் என்று முதலில் நம்பினார்கள். அழற்சியை அடக்கி, ஆறும் விதத்தைச் சீராக்குவதே அவற்றின் முக்கிய வேலை என்பது இப்போதைய கருத்து.

லண்டன் ராயல் வெட்டரினரி காலேஜில் ரோஜர் ஸ்மித் குழு 2012-இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சை பெற்ற 113 பந்தயக் குதிரைகளை இரண்டு வருடத்துக்கு மேல் கவனித்தார்கள். மறுபடி அடிபட்டவை சுமார் 27 சதவீதம். பழைய சிகிச்சைகளில் அது பாதிக்கு மேல். ஊசி போடாத குதிரைகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட ஆய்வு அல்ல அது, பழைய கணக்கோடு ஒப்பிட்டது. ஆகவே நம்பிக்கை வைக்கலாம், உத்தரவாதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஓமலூர்: எங்கள் ஊரில் காலுக்குச் சூடு போடுவார்கள். அது போதாதா?

வேண்டாம், தயவுசெய்து. 1983-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். சூடு போட்டதால் தசைநாண் ஆறுவதில் நன்மை எதுவும் இல்லை. வாயில்லாத பிராணிக்கு வலிதான் மிச்சம்.

அம்மாப்பேட்டை, வண்டிப் பந்தயக்காரர்: ஊசி போட்டு ஒன்றரை மாதம் ஆகிறது. நொண்டவே இல்லை. பந்தயத்தில் விடலாமா?

கூடவே கூடாது. நொண்டல் சில வாரத்தில் போய்விடும். நார் இறுக ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். இந்த இடைவெளியில்தான் பெரும்பாலான குதிரைகள் கெடுகின்றன. கையில் பிடித்து நடத்துங்கள்: முதலில் பத்து நிமிடம், வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டிக்கொண்டே போகலாம். மூன்று மாதம் கழித்து மறுபடி ஸ்கேன், அது நன்றாக இருந்தால் மெதுவான ஓட்டம். ஏற்காட்டுக்காரருக்கும் இதையே சொல்கிறேன்: எஸ்டேட் மேட்டுப் பாதை வேண்டாம், ஏரி ஓரத்துச் சமதரையில் நடத்துங்கள். இந்த நடையைச் செய்ய முடியாதவர் ஊசிக்குச் செலவு செய்யவே வேண்டாம்.

வாழப்பாடி: வலிக்கு டைக்ளோபெனாக் போடலாமா?

கூடாது. அது போட்ட கால்நடைகளின் சடலத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளை அழித்ததால் 2006-லேயே கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்ட மருந்து அது. மாற்று மருந்தை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். வலி தெரியாத குதிரையை நிறுத்தி வைப்பதும் கஷ்டம், அதையும் கவனியுங்கள்.

ஆத்தூர் நண்பரே மறுபடி: யாரிடம் விசாரிப்பது?

உங்களுக்குத் தலைவாசல் கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம். அடுத்து சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி. அடிபட்ட தேதி, முதல் ஸ்கேன் படம், இதுவரை போட்ட ஊசி மருந்துகளின் சீட்டு, மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள்.