உள்ளானின் சிறகில் உள்ள சிற்றுண்ணியைப் புகைப்படத்தை வைத்தே இனம் காண முடியுமா?

முடியாது. ஆய்வுக்காகப் பறவையைப் பிடித்துக் காலில் வளையமிடும்போது சிறகை விரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், பறப்பு இறகின் இழைகளுக்கு நடுவே இவை தூசி வரிசையாகத் தெரியும். நீளம் அரை மில்லிமீட்டர் அளவுதான். இருக்கிறதா என்று பார்க்கப் படம் போதும். இனம் சொல்ல, வளர்ந்த ஆண் ஒன்று கண்ணாடித் தகட்டில் வேண்டும்.

எந்தப் பறவை, உடலில் எந்த இடம் என்று எடுக்கும்போதே எழுதிவிடுங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது. உள்ளான், பவளக்காலி ஆகியவற்றின் பறப்பு இறகு என்றால் முதலில் அவென்சோவாரியா, அலாப்டிஸ் பேரினங்களைப் பாருங்கள். உப்புக்கொத்தி என்றால் பைகோவ்ஸ்கியாட்டா. உடலின் மென்தூவியில் இங்க்ராசியா. இறகுக் குழலுக்குள் சிரிங்கோபியிடே குடும்பம் இருக்கும். குழல் சுவரைத் துளைத்து உறிஞ்சும் சிரிங்கோஃபிலிடேயும் அங்கேதான் வாழும். அது முற்றிலும் வேறு கிளை.

உரிய அனுமதியோடு, எத்தனாலில் நனைத்த மெல்லிய தூரிகையால் ஒற்றி எடுத்து, 95% எத்தனாலில் போடுங்கள். குப்பிக்குள் பென்சிலால் எழுதிய சீட்டு, மை கரைந்துவிடும். பிடித்த பறவைகளை வைத்திருக்க, ஒரு பறவைக்கு ஒரு பை. துவைக்காத பையில் அடுத்த பறவையைப் போட்டால் உப்புக்கொத்தியின் உண்ணி உள்ளானின் கணக்கில் ஏறும். இந்தத் தவறைப் பிறகு எந்த நுண்ணோக்கியாலும் திருத்த முடியாது.

உடல் தெளிய லாக்டிக் அமிலத்தில் ஊறவையுங்கள். இளஞ்சூட்டில் ஒரு நாள் போதும். அதிகம் விட்டால் முள்மயிர்கள் உதிரும், அடையாளமே போய்விடும். பிறகு தண்ணீரில் அலசி, முதுகு மேலே தெரியும்படி ஒரு சிறு துளி ஹாயர் ஊடகத்தில் (தகட்டில் உண்ணியைப் பதிக்கும் பிசின் கரைசல்) வையுங்கள். எத்தனால் மிச்சமிருந்தால் ஊடகத்திலுள்ள பிசின் வெண்மையாகத் திரியும். துளி பெரிதானால் உண்ணி சாய்ந்து மிதக்கும். சுமார் 45 டிகிரி செல்சியஸில் ஒரு வாரம், தகடு கிடைமட்டமாக, உலரட்டும். அவசரப்பட்டு எண்ணெய் லென்ஸை இறக்கினால் மூடுகண்ணாடி நகர்ந்துவிடும்.

கட்ட வேறுபாட்டு நுண்ணோக்கியில் (phase contrast; நிறமற்ற உடலையும் தெளிவாகக் காட்டுவது) 400 மடங்கில் தொடங்குங்கள். ஆணில் பின்னுடல் மடல்களின் வடிவம், குதத்தின் இருபுறமும் உள்ள உறிஞ்சு வட்டுகள், பிறப்புறுப்பு, மூன்றாம் நான்காம் கால்களின் பருமன்; இரு பாலிலும் முதல் கால்களின் அடித்தண்டுகள் (கால் தொடங்கும் இடத்தில் உடலில் உள்ள தடித்த கோடுகள்) தனித்தனியா, ஒன்றாக இணைந்தவையா என்பது ஆகியவற்றைப் பாருங்கள். ஆறு கால் இளம்பருவத்தையும் மற்ற இளவுயிரிகளையும் வைத்து இனப்பெயர் எழுதாதீர்கள்.

ஒரே சிறகில் இரண்டு மூன்று இனங்கள் கலந்திருப்பது சாதாரணம். ஆண் ஒட்டிக்கொண்டிருக்கும் இணை கிடைத்தால் பிரிக்காமல் ஒரே தகட்டில் ஏற்றுங்கள்; எந்த ஆணுக்கு எந்தப் பெண் என்பதற்கு அதைவிட நல்ல சான்று தகட்டில் கிடைக்காது.